மச்சம் வெட்டிய ஊரில்

விருத்தாசலம் சந்திப்பில் இறங்கும்போது என்னிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் மாற்றுத் துணி. இன்னொன்று மஞ்சப்பை. அதற்குள் ஆறு பிளாஸ்டிக் சாமான்கள்: ஒரு நீலக் குடத்தின் உடைந்த கழுத்து, கண்ணாடி போலத் தெளிவான ஒரு சீப்பு, பழைய டிபன் பாக்ஸின் மூடி, பிஸ்கட் போட்டு வைத்த ஜாடி, எண்ணெய் வாங்கிய தெளிவான பாட்டில், பூப்போட்ட வெள்ளைத் தட்டில் பாதி. ஆறையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாயிற்று. முக்கோணமும் இல்லை, அதற்குள் எண்ணும் இல்லை.

கார்த்திகைக்குப் பீங்கான் அகல் வாங்கத்தான் இந்தப் பயணம். ஆனால் மஞ்சப்பை கூடவே வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று மாதம் வீட்டில் கழுவிக் காயவைத்து, ஒரு சாக்கு நிறையத் தண்ணீர் பாட்டில்களும் ஜாடிகளும் சேர்த்திருந்தேன். எங்கள் தெருவுக்கு வரும் பழைய சாமான் வண்டிக்காரர் சாக்கைத் தலைகீழாகக் கொட்டினார். அந்த எண்ணெய் பாட்டிலை மட்டும் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்த மாதிரி ஒண்ணு உள்ள போனா மொத்தமும் கெட்டுப்போவும்மா. இன்னும் எத்தனை இருக்குதோ, நான் எங்க தேடறது?" என்று சொல்லிவிட்டு, கலப்பு மால் விலைக்குத்தான் எடுத்தார். காசு போனது பெரிதில்லை. மூன்று மாத உழைப்பை ஒரே பாட்டில் எப்படிக் கெடுக்க முடியும் என்பது புரியாமல் உறுத்திக்கொண்டே இருந்தது.

விருத்தாசலம் நான்கு திசைக்கும் ரயில் பிரிகிற ஊர். விழுப்புரம், திருச்சி, கடலூர், சேலம் என்று நாலு பக்கமும் தண்டவாளம் போகிறது. பழைய பெயர் திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில். காலையில் முதலில் அங்கேதான் போனேன். படியிறங்கிப் போய் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு ஆற்றுப் பக்கம் வந்து நின்றேன். ஆற்றைப் பார்த்தால் சுந்தரர் கதை நினைவுக்கு வராமல் இருக்காது. இங்கே இறைவன் கொடுத்த 12,000 பொன்னை இந்த ஆற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் போய் எடுத்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் இன்றைக்கும் சொல்வோம். ஆனால் எனக்குப் பிடித்தது அந்தக் கதையில் வரும் ஒரு சின்னச் செயல். பொன்னை ஆற்றில் விடுவதற்கு முன் சுந்தரர் அதில் ஒரு துண்டு வெட்டிக் கையில் வைத்துக்கொள்கிறார். பெரிய புராணத்தில் அதற்குப் பெயர் மச்சம். பின்னால் மாற்றுப் பார்க்க வெட்டி எடுக்கும் மாதிரி. திருவாரூரில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்க்கிறார்கள், மாற்றுக் குறைகிறது. அவர் பாடிய பிறகே சரியாகிறது. குளக்கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் இருக்கிறார்.

கடவுளே கொடுத்த பொன் என்றாலும் ஒரு துண்டு வெட்டி வைத்துச் சோதித்திருக்கிறார். பொருளின் மேல் எழுதியிருப்பதை நம்புவது ஒரு வழி. எழுத்தே இல்லாதபோது பொருளையே கேட்பது இன்னொரு வழி. பையில் இருந்த சாமான்களை நினைத்துக்கொண்டேன்.

பீங்கான் தொழிற்பேட்டையில் நான் போன கூடம் சின்னது. ஓட்டுக் கூரை, சுவரெங்கும் வெள்ளைத் தூள். விருத்தாசலம் பீங்கான் ஊரானதற்குப் பக்கத்து நெய்வேலி ஒரு பெரிய காரணம். பழுப்பு நிலக்கரி தோண்டும் இடத்தில் வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு அரசுப் பயிலகமும் இந்த ஊரில் இருக்கிறது. நான் போனபோது அகல் சீசன். ஒரு பெரியவர் மோர்க் குழம்பு பதத்தில் இருந்த களிமண் கரைசலைப் பிளாஸ்டர் அச்சுகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அச்சின் ஓரமாக மண் ஏடு கட்டுகிறது. போதுமான கனம் வந்ததும் மிச்சக் கரைசலைக் கவிழ்த்து ஊற்றிவிடுகிறார். உள்ளே நிற்கிற ஏடுதான் பொம்மை, குடுவை, விளக்கு.

சுட்டு வந்த அகல்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்து விரல் நகத்தால் சுண்டினார். கண்ணால் பார்க்கக்கூட இல்லை. ணங் என்றால் வலப்பக்கம். பொத் என்றால் இடப்பக்கம், அதில் எங்கேயோ விரிசல். நூறு அகல் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

"உடைஞ்சதை மறுபடி கரைச்சுக்கலாமாய்யா?" என்று கேட்டேன்.

"சுடறதுக்கு முன்னன்னா கரைக்கலாம்மா. எத்தனை தடவை வேணாலும். சுட்ட பிறகு அது மண்ணு இல்ல. தூளாக்கிப் புது மண்ணுல கொஞ்சம் சேர்ப்போம், அவ்ளோதான்."

500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் களிமண்ணுக்குள் வேதிப் பிணைப்பில் இருக்கும் நீரும் வெளியேறிவிடுகிறது. அதற்கப்புறம் அது திரும்பி வராது. மஞ்சப்பையிலிருந்து அந்தப் பூப்போட்ட பாதித் தட்டை எடுத்துக் கொடுத்தேன். பார்த்தால் பீங்கான் மாதிரியே இருக்கும், கையில் எடுத்தால் கனம் குறைவு. பெரியவர் சுண்டினார். கட்டை மாதிரி ஒரு சத்தம். "இது மெலமைன். எங்க சாமான் மாதிரி வேஷம் போட்டு வந்தது" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தம் இருந்தது. கல்யாண வீட்டிலும் ஓட்டலிலும் பீங்கான் தட்டு இருந்த இடத்தில் இன்று அதுதான் இருக்கிறது.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பழைய சாமான் கடை. வாசலில் அட்டை, இரும்பு, பீர் பாட்டில். உள்ளே தகரக் கொட்டகையில் ஒரு அக்கா தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். சுற்றி ஏழெட்டுச் சாக்குகள். கை ஒன்றை எடுக்கும்போதே கண் அடுத்ததில் இருக்கிறது. மஞ்சப்பையை அவர் முன்னால் கொட்டினேன்.

"எதுலயும் நம்பரு இல்லக்கா. நீங்க எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"நம்பரு எங்கம்மா இருக்குது? நூத்துல பாதிக்கு மேல மொட்டையாத்தான் வருது."

முக்கோணத்துக்குள் எண் போடும் வழக்கத்தை 1988ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் தொடங்கியது. 1 பெட், 2 எச்.டி. (அடர்த்தி கூடிய பாலித்தீன்), 3 பி.வி.சி., 4 எல்.டி. (அடர்த்தி குறைந்த பாலித்தீன்), 5 பி.பி. (பாலிபுரொப்பிலீன்), 6 பாலிஸ்டைரீன், மற்றதெல்லாம் 7. அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லும். மறுசுழற்சி ஆகும் என்று உறுதி சொல்லாது. சுற்றுகிற அம்புகளைப் பார்த்து மக்கள் அப்படி நினைத்துக்கொண்டதால்தான் 2013ல் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கினார்கள். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுப் பிளாஸ்டிக் கழிவு விதிகள் பைகளிலும் உறைகளிலும் தயாரிப்பாளர் விவரம் அச்சிட வேண்டும் என்கின்றன. குடமும் சீப்பும் டிபன் பாக்ஸ் மூடியும் உறை ஆகாதே. நாம் பத்து வருடம் புழங்குகிற சாமான்தான் மொட்டையாக வருகிறது. அச்சில் ஓர் எண்ணைச் செதுக்க ஒரு தடவைதான் செலவு. அதைச் செய்யாமல் விட்டதன் பாரம் இந்த அக்காவின் கையில் வந்து விழுகிறது.

அவர் குடத்தின் கழுத்தை எடுத்து நகத்தால் கீறினார். கோடு விழுந்தது. "எச்.டி." டிபன் பாக்ஸ் மூடியைக் கீறினார். நகம் வழுக்கியது. "பி.பி. இது கெட்டித் தோலு." சீப்பை சிமென்ட் தரையில் போட்டார். ணிங் என்று உலோகச் சத்தம் கேட்டது. பெரியவரின் அகல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இருவரும் ஒரே ஊரில் ஒரே காதை வைத்துக்கொண்டு பிழைக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. பாலிஸ்டைரீன் விறைப்பான பொருள். வளைத்தால் வளையாமல் சடக்கென்று உடையும். பேனாக் குழாய், தயிர்க் கப், பழைய கேசட் பெட்டி எல்லாம் அந்த வகைதான்.

கவர்களைக் கசக்கிக் காட்டினார். பால் கவர் சத்தமில்லாமல் மெத்தென்று மடங்கியது, எல்.டி. காய்கறிக் கடைக் கவர் சரசரவென்றது, எச்.டி. புதுச் சட்டை வருகிற கவர் மொறமொறவென்று பளபளத்தது, பி.பி. சிப்ஸ் கவரைத் தொடாமலே ஒதுக்கினார். பல அடுக்கு ஒட்டிய உறை அது. உள்ளே வெள்ளி மாதிரி மின்னும் கவரை யாரும் எடுப்பதில்லை.

பிறகு அந்த எண்ணெய் பாட்டில். அக்கா அதைக் கத்தரியால் ஒரு நுனி வெட்டினார். என் மனம் மணிமுத்தாற்றுக்குப் போய்விட்டு வந்தது. அவர் மடியிலிருந்து லைட்டரை எடுத்து நுனியைக் கொளுத்தினார். லைட்டரை விலக்கியதும் தீ தானாக அணைந்தது. நெடி மூக்கில் ஏறியது. "பி.வி.சி.," என்றார், இருமிக்கொண்டே.

அந்த இருமலை நான் மறக்க மாட்டேன். பி.வி.சி. எரியும்போது வருவது ஹைட்ரஜன் குளோரைடு. ஈரத்தில் பட்டால் அது அமிலம். தொண்டையும் நுரையீரலும் ஈரம்தானே. டையாக்சின் போன்ற நச்சுகளும் அந்தப் புகையில் உருவாகின்றன. கொளுத்தி மோந்து பார்ப்பதில் உண்மை இல்லாமல் இல்லை. பாலித்தீன் எரிந்தால் அணைத்த மெழுகுவர்த்தி வாசம், நைலான் எரிந்தால் முடி கருகிய நாற்றம், பாலிஸ்டைரீன் எரிந்தால் கரிய புகைக்கரி பறக்கும். ஆய்வுக்கூடத்தில் சுட்ட செம்புக் கம்பியால் பிளாஸ்டிக்கைத் தொட்டுத் தீயில் காட்டுவார்கள். பச்சைச் சுவாலை வந்தால் குளோரின் இருக்கிறது என்று பொருள். பெயில்ஸ்டைன் சோதனை என்று பெயர், 1872லிருந்து இருக்கிறது. அது புகைபோக்கி வைத்த கூடத்துக்கு உரியது. சமையலறைக்கும் தகரக் கொட்டகைக்கும் உரியதே இல்லை.

"அக்கா, இனிமே கொளுத்தாதீங்க. ஒரு வாளித் தண்ணி குடுங்க, நான் ஒண்ணு காட்டறேன்."

வாளி வந்தது. ஒவ்வொரு சாமானிலும் நகத்தளவு ஒரு துண்டு வெட்டினோம். மெலமைன் தட்டில் கத்தரி ஏறவில்லை, அதை ஓரமாக வைத்தோம். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட வேண்டும். இல்லையென்றால் மூழ்க வேண்டிய துண்டும் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். துண்டை விரலால் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழைத் தட்டிவிட்டுக் கையை எடுக்க வேண்டும்.

குடம் மேலே வந்தது. டிபன் பாக்ஸ் மூடியும் மேலே வந்தது. சீப்பு, ஜாடி, எண்ணெய் பாட்டில் மூன்றும் அடியில் போய்ப் படுத்தன. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பி.பி. 0.90, எச்.டி. 0.95 அளவில். இரண்டும் மிதக்கும். பாலிஸ்டைரீன் 1.05. பெட், பி.வி.சி. இரண்டும் 1.3க்கு மேல்.

"இப்ப உப்புக் குடுங்கக்கா."

பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் வீட்டுக்குள்ளிருந்து கல்லுப்பு எடுத்து வந்தாள். ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராம் வரை கரையும். அப்போது அடர்த்தி 1.2ஐ நெருங்கும். அவள் கரைத்துக்கொண்டே இருக்க, சீப்புத் துண்டு அடியிலிருந்து மெதுவாகப் புரண்டு எழுந்து மேலே வந்தது. அந்தப் பெண் "ஏ!" என்று கத்தியே விட்டாள். ஜாடியும் எண்ணெய் பாட்டிலும் அசையவில்லை.

கடைசியில் நின்ற அந்த இரண்டும் கலந்ததுதான் என் சாக்கைக் கெடுத்தது. கண்ணுக்கு அவை அண்ணன் தம்பி. அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் தண்ணீர் அவற்றைப் பிரிக்காது. அக்கா பிரித்துக் காட்டினார். ஜாடியைக் கவிழ்த்தால் அடியில் நடுவே ஒரு புள்ளி, மூக்குத்தி மாதிரி. உருகிய பெட் அச்சுக்குள் ஏறிய இடம் அது. எண்ணெய் பாட்டிலின் அடியில் புள்ளி இல்லை, குறுக்கே ஒரு தையல் கோடு. சுவரை மடித்து அழுத்தினார். பி.வி.சி. மடிந்த இடத்தில் வெள்ளையாகத் தழும்பு விழுந்தது. பெட் மடிந்து நிமிர்ந்தது, வெளுக்கவில்லை. "வெயில்ல புடிச்சுப் பாருங்க, லேசா நீலம் ஓடும் இதுல" என்று எண்ணெய் பாட்டிலை நீட்டினார். ஓடியது.

பெட் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் பி.வி.சி. எப்போதோ சிதைந்து கருகிவிட்டிருக்கும். உருகிய பெட்டில் கரும்புள்ளிகள் விழும். அது விடுகிற அமிலம் பெட்டின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளையும் வெட்டிப்போடும். வண்டிக்காரர் சொன்னது அப்படியே சரி. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன், 2018ல் பத்மஸ்ரீ பெற்றவர், கழிவுப் பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் பூசித் தார்ச்சாலை போடும் முறையைக் கொடுத்தார். அதிலும் பாலித்தீன், பி.பி., பாலிஸ்டைரீன் சேரும், பி.வி.சி. கூடாது. எங்கே போனாலும் இந்த ஒன்றை முதலில் பிடித்து விலக்க வேண்டியிருக்கிறது.

மிதந்த இரண்டில் எது எச்.டி., எது பி.பி. என்று நகம் சொல்லிவிட்டது. சந்தேகம் வந்தால் நல்லெண்ணெய் இருக்கிறது. எண்ணெய் 0.92 அளவில், அதில் பி.பி. மிதக்கும், எச்.டி. மூழ்கும். ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தோம். எண்ணெயை வீணாக்க வேண்டாம் என்று அக்கா அதை விளக்குக்கு எடுத்து வைத்தார்.

ஒரு இடத்தில் நான் தோற்றேன். உடைந்த நாற்காலிக் காலில் ஒரு துண்டு வெட்டிப் போட்டேன், மூழ்கியது. "பி.பி. இல்லக்கா" என்றேன். அவர் வெட்டுவாயைக் காட்டினார். மாவு பூத்தாற்போல வெளுத்திருந்தது. "சுண்ணாம்பு கலந்திருக்காங்கம்மா. நாற்காலி பி.பி.தான்." மலிவாக முடிக்கவும் விறைப்பு ஏற்றவும் கால்சியம் கார்பனேட் தூளைச் சேர்ப்பார்கள். வெள்ளைக் களிமண்ணையும் சேர்ப்பதுண்டு. தெர்மகோல் இதற்கு நேர்மாறு: அதுவும் பாலிஸ்டைரீன்தான், உள்ளே காற்று இருப்பதால் மிதக்கும். வாளியை மட்டும் நம்பினால் இரண்டிலும் தவறுவோம். கையும் காதும் கூட வேண்டும்.

மிச்சம் இருந்தது மெலமைன் தட்டு. அக்காவின் மகள் அதைக் கையில் வைத்துத் திருப்பினாள். "எங்க புத்தகத்துல இருக்கு. இளகும் பிளாஸ்டிக், இறுகும் பிளாஸ்டிக். இது இறுகுனது. எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது." பழைய வீட்டு சுவிட்சுகளின் பேக்கலைட்டும் அந்தக் குடும்பம்தான். தொழிற்பேட்டைப் பெரியவர் சொன்னதை அவளிடம் சொன்னேன்: சுட்ட பிறகு அது மண் இல்லை. அச்சுக்குள் சூடும் அழுத்தமும் பட்டு மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டுவிட்டன. குடம், மூடி, ஜாடி எல்லாம் சுடாத மண்; கரைத்து மறுபடி வார்க்கலாம். தட்டு சுட்ட மண். அவள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, மற்ற ஐந்தையும் அதனதன் சாக்கில் போட்டாள்.

அகல்களை வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டு மாலை ரயிலில் திரும்பினேன். வீட்டில் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கத்தரியும், மூடி போட்ட பாட்டிலில் உப்புத் தண்ணீரும் இருக்கின்றன. தெளிவான பாட்டில் எது வந்தாலும் முதலில் அடியைத் திருப்பிப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கிறேன். மூன்று வாரம் கழித்து வண்டிக்காரர் வந்து சாக்கைக் கொட்டினார், கிளறினார், ஒன்றையும் எடுத்து நீட்டவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் விருத்தாசலத்திலிருந்து போன்.

"அம்மா, நான்தாங்க, சாமான் கடை. உப்புத் தண்ணியில ஒண்ணு போட்டேன். மேலயும் வரல, கீழயும் போவல. நடு வாளியில நிக்குது."

"எந்த சாமான்க்கா?"

"தண்ணி கேனு. அந்தப் பழைய இருபது லிட்டர் கேனு, கெட்டியா இருக்குமே, அது."

பாலிகார்பனேட். அடர்த்தி 1.2. அவர் கரைத்த உப்பு அவ்வளவு சரியாக இருந்திருக்கிறது.